மங்கலாக்கப்பட்ட பின்னணி

பார்வையற்ற தெருப்பாடகரைப் படம் பிடிப்பதுபோல் சுலபமான காரியம் ஒளிப்பட உலகில் வேறில்லை. அவர் நம்மைத் திருப்பிப் பார்க்கப்போவதில்லை. பார்ப்பவர்/பார்க்கப்படுபவர் என்கிற அதிகார உறவு துளி எதிர்ப்புமின்றி நிறைவேறிவிடுகிறது. வாக்கர் எவான்ஸ் 1938க்கும் 1941க்கும் இடையில் நியூயார்க் சுரங்க ரயிலில் கேமராவைக் கோட்டுக்குள் மறைத்துவைத்துப் பயணிகளைப் படம் எடுத்தார். அவர்களில் ஒருவர் அக்கார்டியன் வாசித்துக் காசு கேட்கும் பார்வையற்றவர். அவர்முன் கேமராவை மறைக்கத் தேவையே இருந்திருக்காது.

எவான்ஸைக் குற்றக்கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. நானும் அந்த வேலையைத்தான் செய்தேன்.

கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில், கழுத்தில் ஸ்பீக்கர் பெட்டி தொங்க, பழைய சினிமாப் பாட்டுப் பாடிவரும் ஒருவரை வெகுநாளாகத் தெரியும். பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறார். கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன். முகம் மட்டும் துல்லியமாக, பின்னால் எல்லாம் மங்கலாக, கறுப்பு வெள்ளையில். நண்பர்கள் ஆகா என்றார்கள். கண்காட்சிகளில் தெருக்கலைஞருக்கு நாம் ஒதுக்கியிருக்கும் வடிவம் இதுதானே: சுருக்கம், வியர்வை, கொஞ்சம் 'ஆன்மா'.

அவரிடம் போய்ச் சொன்னேன்.

"பின்னாடி என்ன தம்பி தெரியுது?"

"ஒண்ணும் தெரியாதுண்ணே. முகம் எடுப்பா இருக்கணும்னு மங்கலா விட்டுட்டேன்."

"அப்ப நான் எங்க இருக்கேன்னே தெரியாதா?"

1921இல் ஹங்கேரியின் அபோனி என்ற ஊரில் ஆந்த்ரே கெர்த்தேஷ் எடுத்த படம் ஒன்று உண்டு. பார்வையற்ற பிடில்காரர் வாசித்தபடி நடக்கிறார். ஒரு சிறுவன் வழிகாட்டுகிறான். ரொலான் பார்த் 1980இல் வெளிவந்த தன் ஒளிப்பட நூலில் இதைப் பேசும்போது, அவரைத் தைப்பது பிடில்காரரின் முகமல்ல, அந்த மண் சாலை. எப்போதோ தான் போய்வந்த கிராமங்களை அந்தப் புழுதியில் அவர் அடையாளம் காண்கிறார். நமக்கு இது புதிதுமல்ல. ஆற்றுப்படைகளில் பாணர் தனி முகமாக வருவதில்லை. பசி, சுற்றம், போகவேண்டிய வழி எல்லாவற்றோடும்தான் வருகிறார். வள்ளலைப் புகழத்தான் அந்தப் பாட்டு, சரி. ஆனாலும் வழியை அது அழிக்கவில்லை.

நான் அழித்தேன். அழித்தது எதை? எங்கள் பாடகர் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் இருந்தவர். ஸ்டேஷன் நடைதூரம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்துக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்து எட்டடுக்குக் கட்டடங்களுக்கு அனுப்பியபோது இவரும் வந்தார். இப்போது ரயிலைப் பிடிக்கவே மேடவாக்கம் வழியாகத் தாம்பரத்துக்கு பஸ் ஏறவேண்டும். அனுப்பிய வாரியம் 2021இல் 'குடிசை மாற்று' என்ற பெயரை உதிர்த்துவிட்டு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாடு' ஆகிவிட்டது. வெளியேற்றம் ஆளை ஊரின் விளிம்புக்குத் தள்ளியது. என் லென்ஸ் அந்த விளிம்பையும் துடைத்துவிட்டது. இரண்டும் ஒரே வேலைதான். என்னுடையதற்குக் 'கலை' என்று பெயர், அவ்வளவே.

மறுபடி எடுத்தோம். எங்கே நிற்பது என்று அவரே சொன்னார். பிளாக்குக்கு முன்னால், ஸ்பீக்கரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கட்டடம் மேல்வரை தெரியவேண்டும். எடுத்ததும் வாயால் விவரித்தேன்: "கட்டடம் முழுசா வந்திருக்குண்ணே." பக்கத்தில் நின்ற அவர் மகள் கேமராவை வாங்கிப் பார்த்தாள். "இல்லப்பா, மேல ரெண்டு மாடி இல்ல."

தள்ளிப்போய் நின்று இன்னொருமுறை எடுத்தேன். அவள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அவரும் சரி என்றார்.

'சம்மதம் வாங்கித்தானே எடுத்தோம்' என்று நாம் நிம்மதியடைகிற இடத்தை இங்கே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. படத்தைப் பார்க்க முடியாதவரிடம் அதை எடுத்துச் சொல்லும் அதிகாரமும் படம் எடுத்தவன் கையிலேயே இருந்தால் அது என்ன சம்மதம்? அவர் பக்கத்து ஆள் ஒருவர் பார்த்து, 'நீ சொல்றது பொய்' என்று சொல்ல இடம் வேண்டும்.

இரண்டாவது படத்தில் முகம் சின்னதாகிவிட்டது. கண்காட்சிக்கு ஆகாது என்கிறார்கள் நண்பர்கள். ஆகாமல் போகட்டும். அவர் வீட்டுச் சுவரில் இருப்பது அதுதான்.