அருவியின் அடிவாரம்

தகவல் தொடர்புப் பொறியாளர்கள் ஒரு வரைகோட்டைப் பார்த்துச் சொக்கிப்போவது வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கிடை அச்சில், இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னலின் வலு, டெசிபெல் கணக்கில். செங்குத்து அச்சில் பிட் பிழை வீதம்; ஒரு படி இறங்கினால் பிழை பத்தில் ஒன்றாகும். இடது மேல் மூலையில் சோம்பலாகக் கிளம்பும் கோடு, போகப்போகக் குனிந்து தலைகுப்புற விழும். தொழிலில் இதை அருவி என்றே சொல்வார்கள். ஹைதராபாத் மாதிரி சிப் வடிவமைப்பும் தொலைத்தொடர்பு ஆராய்ச்சியும் ஒன்றாகக் கூடியிருக்கும் ஊரில், இந்த அருவி எத்தனையோ கணினித் திரைகளில் தினமும் விழுந்துகொண்டிருக்கிறது.

கணினி சிமுலேஷனில் இதை வரையும் செய்முறை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கணினியிடம் 0, 1 என்று குருட்டாம்போக்கில் பிட்களைக் கேட்க வேண்டும். 0 வந்தால் +1, 1 வந்தால் −1 என்று அனுப்ப வேண்டும், இதுதான் பி.பி.எஸ்.கே. வழியில் இரைச்சலைக் கலக்க வேண்டும். வந்து சேர்ந்தது பூஜ்யத்துக்கு மேலா கீழா என்று பார்த்து எது அனுப்பப்பட்டது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். தவறிய தீர்ப்புகளை எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

இதில் நுணுக்கம் இரைச்சலில் இருக்கிறது. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் துடிப்பதால் எழும் இரைச்சலை ஜான்சன் அளந்ததும் நைக்விஸ்ட் விளக்கியதும் 1928இல் வெளியாயின. அது மணி வடிவப் பரவலில் வரும். கணினியோ 0க்கும் 1க்கும் நடுவே சமமாகச் சிதறிய எண்களைத்தான் தரும். 1958இல் பாக்ஸ், முல்லர் இருவரும் ஒரு வழி சொன்னார்கள்: அப்படிப்பட்ட எண்கள் இரண்டை எடுத்து, ஒரு மடக்கை, ஒரு வர்க்கமூலம், ஒரு கொசைன் போட்டால் அசல் மணி வடிவ எண் பிறக்கும். நாலு சாவிகளைத் தட்டி இயற்கையின் இரைச்சலை வரவழைக்கிற இந்தச் சூத்திரம் எனக்கு எப்போதும் அலுத்ததில்லை.

கோடு வந்ததும் முதலில் அதைக் கணிதத்தோடு உரசிப் பார்க்க வேண்டும். பி.பி.எஸ்.கே.வுக்கு விடை முன்பே தெரியும்: 0 டெசிபெல்லில் நூற்றுக்குச் சுமார் எட்டு பிட் பிழை, 6.8இல் ஆயிரத்துக்கு ஒன்று, 9.6இல் லட்சத்துக்கு ஒன்று. 0 டெசிபெல்லிலிருந்து 10க்குப் போக மின்திறன் பத்து மடங்குதான் கூடுகிறது; பிழையோ சுமார் இருபதாயிரத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. இரைச்சலின் அளவைக் கணக்கிடும்போது ஓர் இரண்டை விட்டுவிட்டால் கோடு முழுசாக 3 டெசிபெல் நகர்ந்து நிற்கும். வடிவத்தில் மட்டும் ஒரு குறையும் தெரியாது. கண்ணுக்கு அழகாக விழுகிற கோடெல்லாம் சரியான கோடு ஆகாது என்பதே இந்தக் கலையின் முதல் பாடம்.

பழகிய கண் சரிவை வைத்தே சிக்னல் வந்த வழியைச் சொல்லிவிடும். கட்டடங்களில் மோதிப் பல பாதைகளாக வரும் மொபைல் சிக்னலைப் போட்டுப் பாருங்கள். அருவி காணாமல் போய், 10 டெசிபெல்லுக்கு ஒரே ஒரு படி என்று அலுப்பூட்டும் சரிவு வரும். லட்சத்தில் ஒரு பிழை என்ற அதே நிலைக்கு இப்போது சுமார் 44 டெசிபெல் வேண்டும். இன்னோர் ஆன்டெனாவைச் சேர்த்தால் சரிவு இரட்டிக்கும்.

1993இல் ஜெனீவா மாநாட்டில் பெரூவும் க்ளாவியூவும் டித்திமாஜ்ஷிமாவும் டர்போ என்ற பிழைதிருத்தக் குறியீட்டின் கோட்டைக் காட்டினார்கள். குறியீடு இல்லாமல் 9.6 டெசிபெல் கேட்ட அதே வேலையை அது 0.7இல் முடித்தது. பிழையின்றி அனுப்புவதற்கு ஷானன் 1948இல் வகுத்த எல்லைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு செங்குத்துச் சரிவை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பலர் நம்பவில்லை, மற்றவர்களும் செய்து பார்த்து அதே கோடு வந்த பிறகுதான் நம்பினார்கள். அந்தக் கோட்டுக்கும் ஒரு குறை உண்டு. விழுந்துகொண்டே வந்து, கீழே ஓரிடத்தில் தட்டையாகப் படுத்துவிடும். இதைப் பிழைத் தளம் என்பார்கள். மேலே மட்டும் பார்த்தவருக்கு அது தெரியவே தெரியாது.

எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதிலும் கலை இருக்கிறது. சங்காரெட்டிப் பக்கம் கந்தியில் இருக்கும் ஐ.ஐ.டி. ஹைதராபாத்தின் கிரண் கூச்சி முன்னெடுத்த பை/2 பி.பி.எஸ்.கே. இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு பிட்டுக்கும் அலையை 90 பாகை திருப்பி அனுப்பும் முறை இது. வெறும் இரைச்சலை மட்டும் கலந்து பார்த்தால் இதன் கோடு சாதாரண பி.பி.எஸ்.கே. கோட்டின் மேலேயே படிந்துவிடும். என்ன பிரமாதம் என்று கேட்கத் தோன்றும். போனுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரையும் சிமுலேஷனுக்குள் கொண்டுவந்தால்தான் விஷயம் புரியும். அலை பூஜ்யத்தின் வழியாகப் பாயாமல் சுற்றிப் போவதால் ஏற்ற இறக்கம் குறைகிறது. ஆம்ப்ளிஃபயரை அதன் முழுத் திறனுக்கு அருகே ஓட்ட முடிகிறது. டவர் தொலைவில் இருக்கும் கிராமத்துக்கு அது பெரிய லாபம். 5ஜிக்கான சர்வதேசச் சோதனைகளில் டவர்களுக்கு இடையே 6 கிலோமீட்டர் என்ற கிராமப்புறச் சூழல் இடம்பெற இந்தியா வாதாடியது. அந்தச் சோதனையில் தேறுவதும் சிமுலேஷன் வழியாகத்தான். ஊரில் டவர் எழும்பும் முன்பே கணினிக்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

ஆகவே கோட்டின் நம்பகம் முக்கியம். கோட்டின் மேல்பாதியை யாரும் வரைந்துவிடலாம். கச்சேரியில் துரித காலத்தில் கைதட்டல் வாங்குவது போல. கீழ்ப்பாதிதான் விளம்ப காலம். வித்துவான் யார் என்று அங்கேதான் தெரியும். பிழை அரிதாக அரிதாக, அதை எண்ணக் காத்திருக்கும் நேரம் நீள்கிறது. நூறு பிழைகளை எண்ணினால் விடையில் பத்து சதவீதம் போலத் தடுமாற்றம் இருக்கும். பத்தே பிழைகள் என்றால் முப்பது சதவீதத்துக்கு மேல். லட்சம் கோடியில் ஒரு பிழை என்ற ஆழத்தில், நூறு பிழைகளைப் பார்க்க நொடிக்கு ஒரு கோடி பிட் ஓட்டினாலும் நாலு மாதம் போல ஆகும். பிழைதிருத்தக் குறியீடு போட்ட சிக்னலில் இன்னொரு பொறி: பிழைகள் கூட்டமாக வரும். நூறு பிட் பிழை இரண்டு மூன்று பிட் கட்டுகளில் மட்டும் நிகழ்ந்திருக்கலாம். தேர்ந்தவர்கள் பிழைபட்ட கட்டுகளைத்தான் எண்ணுவார்கள்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக எண்ண முடியாதா? கச்சிபௌலியில் ஐ.ஐ.ஐ.டி. இருக்கும் சாலைக்குப் பெயர் பேராசிரியர் சி.ஆர். ராவ் சாலை. ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெயரில் ஒரு கணித ஆய்வு நிறுவனமும் உண்டு. 1945இல் வெளியான கட்டுரையில் புள்ளியியல் அறிஞரான ராவ் இந்தக் கேள்விக்கு ஓர் எல்லையை நிறுவினார்: ஒரு பக்கம் சாயாத எந்த மதிப்பீடும், தரவில் இருக்கும் தகவல் அனுமதிப்பதைவிடத் துல்லியமாக இருக்க முடியாது. சுயேச்சையான பிட்களில் பிழைகளை எண்ணி மொத்தத்தால் வகுக்கிற நம் எளிய முறை அந்த எல்லையைச் சரியாகத் தொட்டு நிற்கிறது. அதே தரவிலிருந்து அதற்கு மேல் ஒரு துளியும் பிழிய முடியாது.

மிஞ்சியது ஒரே வழி; தரவையே மாற்றுவது. வேண்டுமென்றே இரைச்சலைத் தீர்ப்பு எல்லையின் பக்கம் தள்ளிப் பிழைகளை மலிவாக வரவழைத்து, ஒவ்வொரு பிழைக்கும் அது இயல்பாக நேரக்கூடிய வாய்ப்புக்கு ஏற்ப எடை குறைத்து எண்ணுவார்கள். நன்றாகச் செய்தால் மாதக்கணக்கு நிமிடக்கணக்காகும். திசை தவறித் தள்ளினால் முக்கியமான பிழைகள் கண்ணில் படாமலே போய், விடை நம்பகமாகத் தோற்றமளித்தபடி பொய்யாக இருக்கும். இந்தத் துறையில் நான் மிக ரசிப்பதும் மிகச் சந்தேகிப்பதும் இதைத்தான்.

ஆகவே யாராவது அழகான அருவியைக் காட்டினால், கடைசிப் புள்ளியில் எத்தனை பிழைகளை எண்ணினீர்கள் என்று கேளுங்கள். நல்ல கலைஞர் எண்ணைச் சொல்வார். ஒரு பிழையும் வரவில்லை என்று ஒருவர் மார்தட்டினால் அதற்கும் கணக்கு உண்டு: பத்து லட்சம் பிட் அனுப்பி ஒன்றுகூடத் தவறவில்லை என்றால், பிழை வீதம் பத்து லட்சத்துக்கு மூன்றுக்கு மேல் இராது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் அது சிமுலேஷன் சொன்னதாகாது.