கே.பி. எண்ணும் கோட்டைப்பட்டினத்து இரவும்

சூரியப் புயல் பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. 1859-இல் காரிங்டன் பார்த்த சூரியச் சுடர், தந்தி அலுவலகங்களில் பறந்த தீப்பொறி, 1989 மார்ச்சில் கியூபெக் மாகாணம் 9 மணி நேரம் இருளில் கிடந்தது, கடைசியில் 'நம்ம செல்போன் என்ன ஆகும்?' 2024 மே 10-ஆம் தேதி இரவு, நம் நேரப்படி பத்தரை மணி வாக்கில் பெரும்புயல் பூமியைத் தொட்டபோதும் ஏறக்குறைய இதே வரிசைதான். அது சாதாரணப் புயல் இல்லை; 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் ஜி5. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படம் எடுத்தார்கள். அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜிபிஎஸ் பார்த்து ஓடும் டிராக்டர்கள் வழி தெரியாமல் நின்றன. எல்லாம் உண்மை. பொய் எழுதுகிறார்கள் என்பது என் புகார் இல்லை. கனடாவின் வானத்தை எழுதிவிட்டு, புதுக்கோட்டைக்கும் அதுதான் வானம் என்று நினைக்க வைக்கிறார்களே, அதுதான் புகார்.

இந்தக் கட்டுரைகள் எல்லாம் தொங்கிக்கொண்டிருப்பது கே.பி. என்ற ஒரே குறியீட்டில். 0 முதல் 9 வரை போகும். 5-ஐத் தாண்டினால் கைப்பேசிச் செயலி மணி அடிக்கும். ஜெர்மானியரான பார்ட்டல்ஸ் வகுத்தது. 13 காந்த ஆய்வகங்களின் அளவீடுகளிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. அந்தப் பதின்மூன்றில் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை. துருவ ஒளி தெரியுமா, வடக்கே மின்கம்பிகளுக்கு ஆபத்தா என்பதைச் சொல்ல அது நல்ல எண். நம்ம ஊரில் ராத்திரி எட்டு மணிக்கு ஜிபிஎஸ் ஆடுமா என்று அதனிடம் கேட்பது, சென்னை மழைமானியைப் பார்த்துவிட்டு ஆவுடையார்கோயில் கண்மாய் நிரம்பிடுச்சா என்று கேட்பது மாதிரி.

நம் தொந்தரவு வேறு வகை. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம் அதுதான். இந்தக் கோட்டின் மேல் பகல் முழுக்க அயனி மண்டலத்தின் பிளாஸ்மா நீரூற்று போல மேலே தூக்கப்பட்டு, வடக்கிலும் தெற்கிலும் சுமார் 15 பாகை தள்ளி விழுகிறது. சூரியன் சாய்ந்ததும் கீழ்ப்பகுதி சீக்கிரம் கரைந்துவிடும். மேல்பகுதி கனமாக அப்படியே நிற்கும், போதாக்குறைக்கு அந்த நேரத்தில் ஒரு மின்புலம் அதை இன்னும் மேலே உந்தும். எண்ணெய்க்கு மேலே தண்ணீரை நிறுத்திவைத்தால் என்ன ஆகும்? எண்ணெய் குமிழ் குமிழாகக் கிளம்பும். அதேபோல அடர்த்தி குறைந்த பிளாஸ்மாக் குமிழ்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்கு எழுகின்றன. அவற்றின் ஊடே வரும் செயற்கைக்கோள் சிக்னல் நட்சத்திரம் போல மினுக்கும். மினுக்கம் அதிகமானால் கருவி அந்தச் செயற்கைக்கோளை விட்டுவிடும். குமிழ் பிறப்பது நம் தலைக்கு மேலே. கடுமையான அடி விழுவது என்னவோ பிளாஸ்மா அடர்த்தி அதிகமுள்ள அகமதாபாத், போபால், கொல்கத்தா வரிசையில். நமக்கு வடக்கே தாழ்வாகத் தெரியும் செயற்கைக்கோள்களின் சிக்னல் அந்தப் பக்கமாகச் சாய்ந்துதான் வந்து சேர்கிறது.

இதற்குச் சூரியப் புயல் தேவையில்லை. சூரியன் உச்சச் சுழற்சியில் இருக்கும் ஆண்டுகளில், மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும், மாலை ஏழரை தொடங்கி நள்ளிரவு வரை, கே.பி. 1 என்று காட்டும் சாந்தமான நாளிலும் நடக்கும். வேடிக்கை என்னவென்றால், பெரும்புயல் பல நேரம் இந்தக் குமிழ்களை எழவிடாமல் அமுக்கியும் விடுகிறது. சரியாக நம் அந்தி வேளையில் உக்கிரம் அடைந்தால் கிளப்பியும் விடுகிறது. ஆக, செயலி மணி அடிக்கும் நாளில் நமக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், அடிக்காத நாளில் ஆகலாம்.

இது புதுச் செய்தியே இல்லை. பெருவின் ஹுவான்காயோவில் பூக்கரும் வெல்ஸும் இந்தக் கலக்கத்தின் சுவட்டை 1938-லேயே பதிவு செய்துவிட்டார்கள். புதுக்கோட்டையிலிருந்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் நடக்கும் வேலையை விட்டுவிட்டு கியூபெக் வரை ஏன் போகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

கருவிக்குள்ளேயும் இதே கோளாறு இருக்கிறது. ஒற்றை அலைவரிசை ஜிபிஎஸ் கருவி அயனி மண்டலத் தாமதத்தைத் திருத்தப் பயன்படுத்துவது குளோபுச்சர் வகுத்த மாதிரி. வெறும் எட்டு எண்கள். பிழையில் பாதியைத்தான் அது நீக்கும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தாமதம் உச்சம், இரவில் 5 நானோ வினாடி என்று ஒரே நிலை, அதாவது தலைக்கு நேர் மேலே ஒன்றரை மீட்டர். இதுதான் அதன் உலகம். ராத்திரியானால் அயனி மண்டலம் தூங்கிவிடும் என்று எழுதிவைத்த மாதிரி அது. இங்கே மேடை ஏறுவதே ராத்திரியில்தான். விமானங்களுக்கான ககன் அமைப்பை இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் கட்டியபோது, அமெரிக்கப் பாணியில் ஒரே மெல்லிய ஓடாக அயனி மண்டலத்தைக் கருதினால் இங்கே ஒத்துவராது என்று பல அடுக்கு மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. 2015 ஏப்ரலில் அது விமானம் தரையிறங்கும் வழிகாட்டலுக்குச் சான்று பெற்றது. விமானத்துக்குக் கிடைத்த இந்தக் கவனிப்பு படகுக்குக் கிடைக்கவில்லை.

படகு என்றதும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். இங்கிருந்து போகும் விசைப்படகுகள் எல்லைக்கோட்டுப் பக்கம் வலை இழுப்பது பெரும்பாலும் ராத்திரியில். இலங்கைக் கடற்படை பிடித்த செய்தி வரும்போதெல்லாம் 'ஜிபிஎஸ் பழுது, திசை தெரியல' என்ற பேச்சு ஒரு பக்கம், 'சும்மா கதை விடுறாங்க' என்ற பேச்சு மறுபக்கம். இரண்டு பேச்சிலும் எண் இல்லை. எண்ணோடு பார்ப்போம். அயனித் தாமதம் எவ்வளவு மோசமானாலும் தரும் பிழை சில பத்து மீட்டர். அதை வைத்து எல்லை தாண்டி மைல் கணக்கில் உள்ளே போனதை நியாயப்படுத்த முடியாது. அங்கே பேச வேண்டியது இந்தப் பக்கம் மீன் இல்லாததும் இழுவை மடியும்தான். சூரியன் தலையில் போடக்கூடாது. ஆனால் குமிழால் கருவி பல செயற்கைக்கோள்களை ஒரே நேரத்தில் விட்டுவிட்டு, பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நின்றால்? அப்படி ஆவது அரிது. ஆனாலும் 3 நாட் வேகத்தில் வலை இழுக்கும் படகு பத்து நிமிடத்தில் 900 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். கோட்டுக்குப் பக்கத்தில் அது சின்னத் தூரம் இல்லை. 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இலங்கையில் அபராதம் பெரிது, படகும் போகலாம். அப்போது கேட்க வேண்டிய கேள்வி 'பழுதா, பொய்யா' என்பதல்ல. எந்தத் தேதி, எத்தனை மணி, அந்த நேரத்தில் நம் வானத்தில் மினுக்கம் பதிவாகியிருக்கிறதா? ஆவணத்தை வைத்துச் சரிபார்க்கக்கூடிய கேள்வி இது.

'நம்ம நாவிக் வந்தாச்சு, இனி கவலையில்லை' என்று எழுதுவோரிடமும் எனக்கு ஒரு கணக்கு உண்டு. தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். நாவிக்கின் எல்5 1176.45 மெகாஹெர்ட்ஸ், ஜிபிஎஸ் எல்1 1575.42. ஆகவே எல்5-ஐ மட்டும் வாங்கும் கருவிக்குத் தாமதம் ஏறத்தாழ 1.8 மடங்கு. மினுக்கமும் கூடுதல். 2492 மெகாஹெர்ட்ஸ் எஸ் அலைவரிசையையும் சேர்த்து வாங்கினால் தாமதத்தைக் கணக்குப் போட்டே நீக்கலாம், நாவிக்கின் உண்மையான பலம் அதுதான். விலை குறைந்த கருவியில் அது இருக்கிறதா என்று எந்த விளம்பரக் கட்டுரையும் சொல்வதில்லை.

ஆய்வாளர்களையும் சும்மா விட முடியாது. எஸ்4 குறியீடு 0.4-ஐத் தாண்டிய இரவுகள் என்று ஆய்விதழில் வரைபடம் போடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. மீன் எங்கே கிடைக்கும், அலை எவ்வளவு உயரம் என்று ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்கிறது. அதே தாளில் 'இன்று இரவு 8 முதல் 11 வரை ஜிபிஎஸ் தடுமாறலாம்' என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு இடம் பிடிக்கும்? தடை இடம் இல்லை என்பதும் தெரியும். பருவத்தைச் சொல்லலாம், ஆண்டைச் சொல்லலாம், ஆனால் நேற்று எழுந்த குமிழ் இன்று ஏன் எழவில்லை என்பதற்கு இன்னும் உறுதியான விடை கிடையாது. சூரியனைப் பார்த்துக்கொண்டு 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் ஆதித்யா-எல்1 இதற்குக் கொஞ்சம்தான் உதவும். விடையில் பாதி சூரியனில் இல்லை. கீழிருந்து மேலே ஏறும் காற்றலைகளிலும் அந்த ஒரு மணி நேர அந்தி மின்புலத்திலும் இருக்கிறது. 'பத்தில் ஆறு வாய்ப்பு' என்கிற அளவுக்காவது சொன்னால் போதும், ஸ்ராங்குகள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள். காற்று பற்றிய முன்னறிவிப்பையும் அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.