கன்னியாஸ்திரீகளின் மூளை சொல்லும் செய்தி

டேவிட் ஸ்னோடன் எழுதி 2001-இல் வெளிவந்த 'ஏஜிங் வித் கிரேஸ்' என்னும் நூலைக் கதைபோல் படித்து முடிக்கலாம். அமெரிக்காவில் 678 கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் முதுமையில் நினைவாற்றல் சோதனைகளுக்கு உட்பட்டனர். இறந்தபின் தம் மூளையை ஆராய்ச்சிக்குத் தரவும் இசைந்தனர். ஏறக்குறைய ஒரே விதமான வாழ்க்கை வாழ்ந்தவர்கள். ஒப்பிட்டு ஆராய இத்தகைய கூட்டம் அமைவது அரிது.

இளமையில் கருத்துச் செறிவுடன் கட்டுரை எழுதியவர்களுக்கு முதுமையில் மறதி நோய் குறைவாக இருந்தது என்ற செய்தியே பலர் மனத்தில் நிற்கிறது. ஆனால் இருபது வயதில் எழுதிய கட்டுரையை எழுபதில் யார் திருத்த முடியும்? இந்த ஆராய்ச்சியின் உயிர்நாடி வேறோரிடத்தில் இருக்கிறது.

1997-இல் 102 மூளைகளைப் பற்றிய முடிவுகள் வெளியாயின. 61 மூளைகளில் அல்ஸைமர் நோய்க்குரிய மாற்றங்கள் இருந்தன. அந்த 61 பேரில், இரத்தக் குழாய் அடைபட்டுத் திசு மடிந்த அடையாளம் இல்லாதவர்களுள் 57 சதவீதத்தினரே மறதி நோய்க்கு ஆளாகியிருந்தனர். மூளையின் ஆழ்பகுதியில் சிறு அடைப்புகள் இருந்தவர்களிலோ 93 சதவீதம்! அல்ஸைமர் மாற்றங்கள் இல்லாத 41 பேரிடம் அடைப்புகளின் விளைவு அற்பமே. இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து.

இதில் பௌதிகமும் உண்டு. குழாயில் திரவம் ஓடும் அளவு, ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது புவாஸேயின் விதி. ஆரம் பாதியானால், அழுத்தம் மாறாதபோது, ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இரத்தம் தண்ணீரைப் போன்றதல்ல. ஆயினும், நீடித்த இரத்த அழுத்தத்தால் சுவர் தடித்துக் குறுகும் நுண்ணிய தமனிகள் ஏன் ஆபத்தானவை என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஆராயப்பட்ட மூளைகள் சிலவே. மேலும், இறந்தபின் மூளையைப் பார்ப்பது தொடர்பைக் காட்டுமே தவிர, அடைப்பைத் தடுத்தால் மறதியும் தடைபடுமா என்பதைக் காட்டாது. அதற்குச் சிகிச்சைச் சோதனை வேண்டும். 9,361 பேரைக் கொண்ட அத்தகைய அமெரிக்கச் சோதனையின் முடிவு 2019-இல் வந்தது. இரத்த அழுத்தத்தை 140-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவைவிட, 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் லேசான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைந்தது. முழு மறதி நோயும் குறைந்ததாக உறுதிப்படவில்லை. எனவே மிகைப்படுத்திப் பேசலாகாது.

'வயதானால் மறதி வருவது இயல்பு' என்று வீட்டுப் பெரியவர்களைக் கைவிடுகிறோம். அந்த மறதியில் ஒரு பங்கு, மருத்துவர் அளந்து பார்க்கக்கூடிய இரத்த அழுத்தத்தோடு பிணைந்திருக்கலாம். அதை எண்ண வைப்பதற்காகவே இந்நூலைப் படிக்கலாம்.