ஜார்ஜியாவில் தோற்றது யார்?

2022 மே 24 ஜார்ஜியா குடியரசுக் கட்சி முதன்மைத் தேர்தலை 'ட்ரம்ப் தோற்றார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவர் ஆதரித்த பெர்டூ ஏறக்குறைய 22 சதவீதத்தோடு மண்ணைக் கவ்வினார், சரி. அதே நாளில் அவர் கைகாட்டிய ஹெர்ஷல் வாக்கர் செனட் போட்டியில் அமோகமா ஜெயிச்சாரே, அதை எங்கே வைப்பது?

ஆளுநர் கெம்ப் 2019இல் கருக்கலைப்புக் கட்டுப்பாடு, 2022 ஏப்ரலில் உரிமம் இல்லாமலே துப்பாக்கி எடுத்துச்செல்லும் சட்டம் என்று பழமைவாதிகள் கேட்டதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தார். பெர்டூவோ 2020 மோசடிக் கதையையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேலையை முடிச்சுக் கொடுத்தவரை எதுக்கு மாத்தணும்?

மாநிலச் செயலர் ராஃபென்ஸ்பெர்கரின் 52 சதவீதம்தான் சிக்கல். அங்கே யாரும் எந்தக் கட்சியின் முதன்மைத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். ஜனநாயகக் கட்சிக்காரர்களும் சிலர் வந்து குத்தினார்கள். அதைக் கழிக்காமல் பழமைவாதி மனசை அந்த எண்ணில் படிக்க நான் தயாரில்லை.