குல்லாவின் உள்பக்கம்

பிறந்த குழந்தைக்குக் குல்லா வாங்கும்போது முதலில் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்து முயலும் நட்சத்திரமும் குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கு. குழந்தைக்குக் கிடைப்பது உள்பக்கம் மட்டும்தான். துணியைப் பின்னியவர், வெட்டியவர், தைத்தவர், பிசிறு நறுக்கியவர் என்று எல்லோரும் எவ்வளவு அக்கறை எடுத்தார்கள் என்பது அந்த உள்ளங்கையளவு இடத்தில் தெரிந்துவிடும்.

துணியிலிருந்து தொடங்கலாம். திருப்பூரில் சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக் என்ற மூன்று பெயர்கள் அன்றாடம் புழங்குகின்றன. சிங்கிள் ஜெர்சி நாம் போடும் டி-ஷர்ட் துணி. முன்பக்கம் வழவழப்பு, பின்பக்கம் சின்னச் சின்ன வளையங்கள், வெட்டிய ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். ரிப் அகலவாக்கில் நன்றாக இழுபட்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். இன்டர்லாக்கில் இரண்டு ரிப் பின்னல்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டிருக்கும். அதனால் அதற்கு முதுகு கிடையாது, இரண்டு பக்கமும் முகம்தான். இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் சட்டையில் நல்ல பக்கத்தை ஊருக்குக் காட்டிவிட்டு மற்றதை உடம்புக்குக் கொடுக்கிறோம். இன்டர்லாக் குல்லாவில் அந்தப் பாகுபாடே இல்லை. உள்ளே விரல்நுனியை விட்டு ஓட்டினால் எங்கும் தட்டாது. நெற்றியைச் சுற்றி ரிப் பட்டியும் மேலே இன்டர்லாக்குமாக அமைந்துவிட்டால் துணியைப் பற்றிக் கேட்க வேறொன்றும் இல்லை.

நல்ல துணியும் தையலில் கெடும். ஓவர்லாக் அடித்த இடத்தில் உள்ளே நீளமாக ஒரு மேடு நிற்கும். நமக்கு அது உறைக்காது. நாளின் பெரும்பகுதி மல்லாந்து கிடக்கிற குழந்தைக்கோ அந்த மேடு பின்மண்டைக்கும் படுக்கைக்கும் நடுவில் அகப்பட்டு அழுத்திக்கொண்டே இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அங்கே ‘பேட்லாக்’ அடித்துத் தட்டையாக்குவார்கள், இல்லையென்றால் தையலையே வெளிப்பக்கம் வைத்துவிடுவார்கள். அப்படித் தையல் வெளியே தெரிகிற குல்லாவைக் கடையில் ‘திருப்பிப் போட்டிருக்கு’ என்று ஒதுக்கிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். குழந்தையை மனதில் வைத்துத் தைத்தது அதுதான். பார்வைக்கான நேர்த்தியைத் தெரிந்தே விட்டுக்கொடுத்த அந்தத் தையலை என்னால் அழகில்லை என்று சொல்ல முடியவில்லை. சலவைக் குறிப்பு அச்சிட்ட நைலான் சீட்டையும் கவனியுங்கள். அது உள்ளே தொங்கினால் பின்கழுத்தில் உரசும். சிலர் அதை வெளிப்புறம் தைக்கிறார்கள். சிலர் சீட்டே வைக்காமல் எழுத்தைத் துணியிலேயே ஒற்றிவிடுகிறார்கள்.

மிகப்பெரிய சவால் உச்சியில் இருக்கிறது. நான்கு துண்டுகளைக் கூட்டித் தைத்தால் நான்கு தையலும் ஒரே புள்ளியில் வந்து குமிழாகத் திரளும். குல்லா சற்று முன்னால் இறங்கினால் அந்தக் குமிழ் போய் உட்காருமிடம் உச்சிக்குழி. மண்டையெலும்புகள் இன்னும் ஒன்றுகூடாத இடம் அது. பல குழந்தைகளுக்கு அங்கே நாடி துடிப்பது கண்ணுக்கே தெரியும். அதை மூடியிருக்கும் சவ்வு கெட்டியானதுதான், மெல்லத் தொட்டால் ஒன்றும் ஆகாது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் எலும்பு கூடிவிடும். ஆனாலும் அங்கே ஒரு முடிச்சை உருட்டிக்கொண்டிருக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

இதற்கு ஒரு விடையாகத்தான் முடிச்சுக் குல்லாவைப் பார்க்கிறேன். மேல்பகுதியைக் கூட்டித் தைக்காமல் நீளக் குழாயாக விட்டு, நுனியை ஒரு முடிச்சாகப் போட்டுவிடுவார்கள். திரட்சியெல்லாம் வெளியே போய்விடும், உள்ளே வெறும் வழவழப்பு. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு 34, 35 செ.மீ. அளவில் இருக்கும். முதல் மூன்று மாதங்களில் அது மாதத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. வளரும். சுற்றளவின் வளர்ச்சிக்கு ரிப் பட்டி நெகிழ்ந்துகொடுக்கும். ஆழத்தின் வளர்ச்சிக்கு முடிச்சை அவிழ்த்து ஓர் அங்குலம் மேலே போட்டால் போதும். பார்க்கிறவர்கள் கொஞ்சுகிற அந்தச் சின்னக் கொண்டைக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

அளவு சரியா என்பதை நெற்றி சொல்லும். குல்லாவைக் கழற்றியதும் அங்கே சிவப்பாகக் கோடு விழுந்திருந்தால் இறுக்கம். புருவத்துக்குக் கீழே வழுக்கி இறங்கினால் தொளதொளப்பு, அது மூக்குவரை வந்து மூச்சை மறைக்கலாம் என்பதால் இறுக்கத்தைவிட ஆபத்து. காதையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையின் காது குருத்தெலும்பு மிக மென்மையானது, குல்லாவுக்குள் மடங்கினால் அப்படியே அழுந்திக் கிடக்கும். போடும்போது இரண்டு பக்கமும் விரலை விட்டு மடலை நேராக்கி, அதன்மேல் துணியை இறக்கிவிடும் பாட்டிமார்களின் கைவாகு அலாதியானது.

என்ன இருக்கிறது என்பதைப் போலவே என்ன இல்லை என்பதிலும் இந்தக் குல்லாவின் நயம் இருக்கிறது. தாடைக்கடியில் கட்டும் நாடா இருக்கக் கூடாது. ஐரோப்பாவின் ஈஎன் 14682 என்ற தரவிதி, 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடையில் தலையை மூடும் ஹூட் பகுதியிலும் கழுத்துப் பகுதியிலும் கயிறு, நாடா தொங்குவதை அனுமதிப்பதில்லை. ஏற்றுமதிக்குத் தைக்கிற திருப்பூருக்கு இது பழகிப்போன பாடம். பொத்தான், மணி, உல்லன் குஞ்சம் எல்லாம் ஒருநாள் பிய்ந்து வாய்க்குப் போகக்கூடியவை. ஓட்டை ஓட்டையாகப் பின்னிய கம்பளிக் குல்லா கண்ணுக்கு அழகு, அந்த ஓட்டையில் குட்டி விரல் போய்ச் சிக்கிக்கொள்ளும். சாயத்துக்கு ஓகோ-டெக்ஸ் முத்திரையில் முதல் வகுப்பு என்று ஒன்று உண்டு. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான மிகக் கண்டிப்பான வகுப்பு அது. எச்சில் பட்டாலும் சாயம் கரையக் கூடாது என்பதுவரை அதில் பார்க்கிறார்கள்.

வாசனையும் இருக்கக் கூடாது. இதை அழுத்தியே சொல்கிறேன். அக்கா குழந்தை போட்ட குல்லா தங்கை குழந்தைக்கு வருவது நம் வீடுகளில் நல்ல வழக்கம், துவைத்துத் துவைத்துப் பதமான துணியைவிட மென்மையானது எது? ஆனால் அது பீரோவில் பாச்சா உருண்டையோடு கிடந்திருந்தால் எச்சரிக்கை வேண்டும். நாப்தலீன் உருண்டையின் நெடி ஏறிய துணி, ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சிளங்குழந்தையின் ரத்த சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுபோய்விடக்கூடும். குழந்தை துணி வைக்கும் இடத்தில் அந்த உருண்டையே வேண்டாம். புதுக் குல்லாவையும் ஒருமுறை அலசி வெயிலில் காயவைத்த பிறகே போடலாம்.

இத்தனை கவனமும் எதற்கு? பிறந்த குழந்தைக்குக் குளிரில் உடம்பை நடுக்கிச் சூடேற்றத் தெரியாது. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சேர்த்துவைத்த பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது தன் சூட்டைக் காக்கிறது. உடம்பின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலைதான், அதுவும் பிறந்த கணத்தில் நனைந்த தலை. ஆகவே முதலில் துடைத்து உலர்த்த வேண்டும், அப்புறம்தான் குல்லா. ஈரமான குல்லா வெறுந்தலையைவிட மோசம். மெல்லிய ஒற்றை அடுக்குக் குழாய்த் துணி அவ்வளவாக உதவுவதில்லை, பஞ்சு வைத்துத் தைத்த குல்லாதான் வெப்பத்தைக் காக்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அளந்து பார்த்தார்கள். 1978-இல் கொலம்பியாவின் போகோடா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய கங்காரு பராமரிப்பில், குறைமாதக் குழந்தை தாயின் வெறும் மார்போடு கிடக்கும். மேலே சட்டை இல்லை. இடுப்புத் துணி, காலுறை, குல்லா அவ்வளவுதான். மற்ற எல்லா உடையையும் தாயின் உடம்பு ஈடுசெய்துவிடுகிறது, தலைக்கு மட்டும் குல்லா தேவைப்படுகிறது.

அதே காரணத்தால்தான் கழற்றவும் தெரிய வேண்டும். உடம்பு முழுக்கத் துணி சுற்றிய குழந்தைக்கு மிஞ்சிய சூடு வெளியேறத் தலைதான் வழி. முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் குழந்தைக்குக் குல்லா வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-இல் அறிவுறுத்தியது. சித்திரை வெயிலில் சென்னை வீட்டுக்குள் குல்லா போட்டுத் தூங்கவைப்பது அன்பினால் என்றாலும் தவறு. கை கால் சில்லென்றிருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், பிறந்த குழந்தைக்கு அது இயல்பு. நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடனே கழற்றிவிடலாம். மார்கழி அதிகாலையில் வெளியே தூக்கிப்போகும்போதும், ஊட்டியில் சாயங்காலம் இறங்கும்போதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழிந்து தலை 40 செ.மீ.யைத் தொடும்போது, அவிழ்க்க முடிச்சில் இடம் இருக்காது. அடுத்து வாங்க வேண்டியது வெயிலுக்கான தொப்பி. அதற்கு வேறு கண் வேண்டும்: கண்ணுக்கு நிழல் விழும் அகலமான விளிம்பு, காற்று புகும் மெல்லிய மல் துணி, பின்கழுத்தை மறைக்கிற தொங்கல். அதையும் கடையில் புரட்டிப் பார்த்தே வாங்குங்கள்.