ஜோன் லெனனின் ‘தனி’ இசைத்தட்டுகள்: ஒரு பட்டியலின் பிரச்சினைகள்

இரசிகர்கள் தயாரிக்கும் இசைத்தட்டுப் பட்டியல்களை விமர்சன முயற்சிகளாக நாம் கொள்வதில்லை. பாடலின் பெயர், வெளியான நாள், தொடரெண், உடன் இசைத்தோர் பெயர் ஆகியவற்றை வரிசைப்படுத்தி எழுதுவது கணக்குப்பிள்ளையின் வேலையென்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயின் எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எவருடைய பெயரின்கீழ் எழுதுவது என்னும் வினாக்களுக்கு விடை காணாது எந்தப் பட்டியலிலும் முதல் வரியைக்கூட எழுதிவிட முடியாது. தொகை நூல்களோடு சில ஆண்டுகளைக் கழித்த தமிழ் மாணவர் எவருக்கும் தொகுத்தவரின் கை எத்துணை வலியது என்பது தெரியும். றொக் இசைத்தட்டுகளைத் தொகுக்கும் இரசிகரிடத்தும் அக்கையே தொழிற்படுகின்றது.

1940 இல் லிவர்பூல் நகரிற் பிறந்து, பீற்றில்ஸ் குழுவின் மூலம் உலகப் புகழெய்தி, 1980 டிசெம்பர் 8 ஆந் திகதி நியூ யோர்க்கிலே தம் வீட்டு வாயிலிற் சுட்டுக் கொல்லப்பட்ட ஜோன் லெனனின் தனி ஒலிப்பதிவுகளைப் பட்டியலிட்ட இரசிகர் எண்ணற்றோர். இக்கட்டுரையாளனும் அவர்களுள் ஒருவனே. பாடசாலைக் கொப்பி ஒன்றிலே பல ஆண்டுகளாக அவ்வேலை நடைபெற்று வருகின்றது. வழக்கமான பட்டியல் எளிமையானது. 1970 டிசெம்பரில் வெளியான ‘ஜோன் லெனன்/பிளாஸ்ரிக் ஓனோ பாண்ட்’ அதன் தொடக்கம். பின்னர் ‘இமாஜின்’ (1971), ‘சம் டைம் இன் நியூ யோர்க் சிற்றி’ (1972), ‘மைண்ட் கேம்ஸ்’ (1973), ‘வோல்ஸ் அண்ட் பிரிட்ஜஸ்’ (1974), ‘றொக் அண்ட் றோல்’ (1975), ‘டபிள் பான்ரசி’ (1980). மரணத்தின்பின் 1984 இல் ‘மில்க் அண்ட் ஹனி’. ஆக எட்டுத் தட்டுகள். பார்வைக்கு மிக ஒழுங்கானது. அவ்வொழுங்கே முதலில் ஐயத்தை எழுப்புகின்றது.

ஏனெனில், லெனன் பீற்றில்ஸ் குழுவுக்குப் புறம்பாக வெளியிட்ட முதற் பெரிய தட்டு 1968 நவம்பருக்குரியது. பீற்றில்ஸ் அப்பொழுது கலைந்திருக்கவில்லை. ‘ரூ வேர்ஜின்ஸ்’ என்னும் அத்தட்டின் உறையில் அவரும் யப்பானியக் கலைஞரான யோக்கோ ஓனோவும் ஆடையின்றி நின்றனர். பிரித்தானியாவிலே அதனை விநியோகிக்க ஈ.எம்.ஐ. கொம்பனி மறுத்தது, தட்டு கபிலநிறத் தாளுறைக்குள் மறைக்கப்பட்டு வேறு நிறுவனத்தார் மூலம் கடைகளை அடைந்தது. 1969 இல் இருவரதும் பெயரில் மேலும் இரண்டு தட்டுகள் வந்தன. அவற்றுள் ‘லைப் வித் த லயன்ஸ்’ தட்டின் ஒரு பக்கம் முழுவதும் இலண்டன் மருத்துவமனை அறையொன்றிலே கசெற்றிற் பதிவானது. கருவிலே அழிந்த குழந்தையின் இதயத்துடிப்பு அதிற் கேட்கின்றது. அதனையடுத்து இரண்டு நிமிட மௌனம். இவற்றை அடிக்கடி விரும்பிக் கேட்போர் சிலரே. நானும் அவ்வாறு கேட்பவனல்லன். எனினும் விருப்பு வேறு, பதிவு வேறு. இம்மூன்று தட்டுகளையும் ‘பரிசோதனை’ என்ற தலைப்பின்கீழ்ப் பின்னிணைப்பிலே தள்ளிவிட்டு, பாடல்கள் நிறைந்த தட்டிலிருந்து தொடங்கும் பட்டியல், ஆராயாமலே ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகின்றது. ஒரு பெண்ணோடு சேர்ந்து செய்தது லெனனின் பணியன்று என்பதே அத்தீர்ப்பு.

சிறிய தட்டுகளை எடுத்துக்கொள்வோம். இங்கேதான் விடயம் மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது. 1969 ஜூன் 1 ஆந் திகதி மொன்றியல் நகர ஹோட்டல் அறையொன்றிலே, சமாதானத்துக்காகப் படுக்கையிலிருந்து நடத்திய போராட்டத்தின்போது பதிவான ‘கிவ் பீஸ் எ சான்ஸ்’ எவரும் அறிந்தது. அவ்வாண்டு நவம்பரில் வாஷிங்ரனிலே வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள் பீற் சீகரின் தலைமையில் அதனைப் பாடினர். அத்தட்டின் மறுபக்கத்தில் உள்ளது யாது? யோக்கோ பாடிய ‘றிமெம்பர் லவ்’. அடுத்த தட்டு ‘கோல்ட் ரேக்கி’. மறுபக்கம் யோக்கோவின் ‘டோன்ற் வொறி கியோக்கோ’. 1970 ஜனவரி 27 ஆந் திகதி எழுதி, அன்றே பதிவு செய்து, பத்து நாள்களிலே பிரித்தானியக் கடைகளுக்கு வந்த ‘இன்ஸ்ரன்ற் கர்மா’வின் மறுபக்கமும் யோக்கோவுடையதே. ‘பவர் ரு த பீப்பிள்’, ‘ஹப்பி கிறிஸ்மஸ்’, 1980 இன் ‘ஸ்ராட்டிங் ஓவர்’ ஆகியவற்றிலும் அவ்வாறே. இரண்டு பக்கங்களையுடைய ஒரு பொருளை ஒருபக்கமுடையதாகப் பட்டியலில் எழுதுவது பதிவாளர் செய்யத்தக்க காரியமன்று. ‘இன்ஸ்ரன்ற் கர்மா’ தட்டின் நடுவே ஒட்டிய வட்டத்தாளில் லெனனின் பக்கத்தை உரத்தும் யோக்கோவின் பக்கத்தை மெதுவாகவும் ஒலிக்கவிடும்படி அச்சிட்டிருந்தனர். கலைஞரிருவரின் விளையாட்டாக அமைந்த அக்குறிப்பைப் பின்வந்த இரசிகர்கள் கட்டளையாகவே கொண்டனர்போலும்.

வணிக நிறுவனங்களும் தம் பங்கைச் செய்தன. ‘பவர் ரு த பீப்பிள்’ தட்டின் மறுபக்கத்துக்குரிய யோக்கோவின் ‘ஓப்பின் யுவர் பொக்ஸ்’ ஆபாசமென ஐயுறப்பட்டு, பிரித்தானியாவிலே சொற்கள் திருத்தப்பட்டபின் வெளியாயிற்று. அமெரிக்காவில் அது நீக்கப்பட்டு வேறொரு பாடல் இடப்பட்டது. ஆகவே ‘மறுபக்கம் முக்கியமற்றது’ என்று கொள்ளும் பட்டியல், தணிக்கையின் வரலாற்றையும் சேர்த்தே இழந்துவிடுகின்றது.

‘தனி’ என்ற சொல்லை இனிச் சற்று ஆராயலாம். குழுவினின்று பிரிந்தவர் தனியர் என்பது வணிக உலகின் வகுப்பு. ஒரு நட்சத்திரத்தின் பெயரில் பண்டத்தை விற்பது எளிதாதலின் அவ்வகுப்பு அவர்களுக்கு வசதியானது. ஆனால் ‘பிளாஸ்ரிக் ஓனோ பாண்ட்’ நிலையான உறுப்பினர் எவருமற்ற குழு. அக்கணத்தில் யார் இசைக்கின்றனரோ அவர்களே அக்குழு. 1969 செப்ரெம்பர் 13 ஆந் திகதி ரொறன்ரோவிலே எரிக் கிளப்ரன், கிளவுஸ் வோர்மன், அலன் வைற் ஆகியோர் அதில் இருந்தனர். 1970 இன் பெரிய தட்டிலோ வோர்மனோடு றிங்கோ ஸ்ரார். மணியோசையோடு மெல்லத் தொடங்கும் ‘மதர்’ பாடலில் ஸ்ராரின் முழவம் எத்துணைச் சிக்கனமாகவும் எத்துணைக் கனமாகவும் விழுகின்றது என்பதைக் கேட்டோர், அத்தட்டின் வன்மைக்கு லெனனின் குரல் மட்டும் காரணமென்று சொல்லார். லெனனின் படைப்புகளுள் தலைசிறந்தது அதுவே என்பது என் துணிபு. தாயை இழந்த சிறுவனின் ஓலமும் வர்க்க சமுதாயத்தின்மீது எழுந்த சினமும் அங்கே ஒரே குரலாயின. அதே நாளில், அதே இசைஞரோடு, ஏறக்குறைய அதே உறைப்படத்தோடு ‘யோக்கோ ஓனோ/பிளாஸ்ரிக் ஓனோ பாண்ட்’ என்னும் இணைத்தட்டும் வெளிவந்தது. மரத்தடியில் இருவரும் இடம்மாறி அமர்ந்திருப்பதே உறைகளிடையே உள்ள வேறுபாடு. ஒன்றை முதலாம் இலக்கமாக எழுதி மற்றதைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுவதற்கு என்ன நியாயம் உண்டு?

உண்மையிலே தனித்த பாடல் எதுவெனக் கேட்டால் பலரும் ‘வேர்க்கிங் கிளாஸ் ஹீரோ’வைச் சுட்டுவர். குரலும் கிற்றாரும் தவிர அதில் வேறொன்றுமில்லை. ஆயினும் கூர்ந்து கேட்போருக்கு இடையே ஓரிடத்தில் ஒலியின் தன்மை மாறுவது புலனாகும். வேறொரு பதிவிலிருந்து ஒரு பகுதி வெட்டி ஒட்டப்பட்டுள்ளது. அவ்வாறு ஒட்டியதும் ஒரு தொழிலாளியின் கையே. அப்பாடலின் இரு சொற்களை ஈ.எம்.ஐ. அச்சிட மறுத்துப் பாடற்றாளில் உடுக்குறிகளால் மறைத்ததையும் பட்டியலிற் குறிக்க வேண்டும்.

உடனுழைத்தோர் பெயர்கள் பற்றி நான் சற்றுப் பிடிவாதமுடையவன். ‘இமாஜின்’ தட்டில் வயலின் முதலிய நரம்பிசைக் கருவிகளை வாசித்தோர் யாவரும் ‘பிளக்ஸ் பிட்லர்ஸ்’ என்னும் ஒற்றைப் பெயருக்குள் அடக்கப்பட்டனர். அத்தட்டிலே சக்சபோன் வாசித்த கிங் கேர்ற்றிஸ் என்ற கறுப்பினக் கலைஞர் 1971 ஜூலையில் தம் பகுதியைப் பதிவு செய்தார்; தட்டு வெளிவருமுன், ஓகஸ்ட் 13 ஆந் திகதி, நியூ யோர்க்கிலே கத்தியாற் குத்திக் கொல்லப்பட்டார். இரசிகரின் பட்டியலில் அவருக்கு ஒரு வரியாவது உரியது.

‘இமாஜின்’ பாடலின் வரலாறு இப்பிரச்சினையின் உச்சமாகும். 1971 இல் அது லெனன் ஒருவரின் பெயரிலேயே வெளிவந்தது. 1964 இல் யோக்கோ தோக்கியோவிலே வெளியிட்ட ‘கிறேப்புறூட்’ என்ற சிறுநூலில், கற்பனை செய்யுமாறு வாசகரை ஏவும் குறுங்கட்டளைகள் பல உள்ளன. பாடலின் கருவும் அதன் சொல்லமைப்பும் அங்கிருந்தே பிறந்தன. 1980 டிசெம்பர் 6 ஆந் திகதி பி.பி.சி.க்கு அளித்த நேர்காணலில் லெனன் இதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அப்பாடல் லெனன்-ஓனோ என இருவர் பெயரிலும் இருந்திருக்கவேண்டும் என்றும், அவ்வாறு செய்யாமைக்குத் தம் ஆண்மைத்தன்னலமே காரணம் என்னும் கருத்துப்படவும் கூறினார். இரண்டு நாள்களின் பின் அவர் உயிரோடில்லை. அவ்வாக்குமூலம் ஒலிநாடாவிலே இருக்க, இசைத்தட்டுகள் பழைய பெயரோடே விற்பனையாகிக்கொண்டிருந்தன. 2017 ஜூனிலேதான் அமெரிக்க இசை வெளியீட்டாளர் சங்கம் யோக்கோவை இணையாசிரியராகச் சேர்க்கும் முடிவை அறிவித்தது. நாற்பத்தாறு ஆண்டுகள்! உடைமையை ஒழித்த உலகைக் கனவு காணும் பாடலின் உடைமையுரிமையிலேயே இவ்வநீதி நிகழ்ந்தது. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. ‘கிவ் பீஸ் எ சான்ஸ்’ பாடலில் எவ்விதப் பங்குமற்ற போல் மக்கார்ட்னியின் பெயர் பழைய வழக்கப்படி அதில் இடப்பட்டிருந்தது. பிற்கால மறுவெளியீடுகளிலேயே அது நீங்கிற்று. கூடியிராத ஆணுக்குப் பெயர் கிடைத்தது, கூடியிருந்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

இவ்வாறு கூறுவதால், யோக்கோவின் பெயருள்ள யாவும் சிறந்தன என்றோ, அரசியல் உள்ள யாவும் கலையென்றோ நாம் வாதிடவில்லை. ‘சம் டைம் இன் நியூ யோர்க் சிற்றி’ நாளிதழ் வடிவிலமைந்த உறையோடு வந்தது. 1971 செப்ரெம்பரில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட அற்றிக்கா சிறைக் கிளர்ச்சி, 1972 ஜனவரியிலே டெறி நகரில் பிரித்தானியப் படையினர் பொதுமக்கள் பதின்மூவரைச் சுட்டுக்கொன்ற ஞாயிற்றுக்கிழமை, அஞ்சலா டேவிஸின் சிறைவாசம் ஆகியன அதன் பொருள்கள். முற்போக்காளர் மகிழவேண்டிய தட்டு. ஆயினும் அதன் பாடல்களுட் பல சுலோகங்களாகவே நின்றுவிடுகின்றன. செய்தி அனுபவமாக மாறுவதற்கு வேண்டிய அவகாசத்தை அவர் தமக்கு அளிக்கவில்லை. ‘வேர்க்கிங் கிளாஸ் ஹீரோ’ எவ்வித நிகழ்ச்சியையும் குறிக்காதது. எனினும் இன்றும் சுடுகின்றது. மறுபுறம், இத்தட்டைப் பழித்த மேனாட்டு விமர்சகர் பலர் அதன் கலைக்குறைக்காக மட்டும் பழித்தனர் என்று நம்புவதும் கடினம். அக்காலத்தே நிக்சன் அரசாங்கம் அவரை நாடுகடத்த முயன்றுகொண்டிருந்தது; 1976 இலேதான் நிரந்தர வதிவுரிமை கிடைத்தது.

‘மைண்ட் கேம்ஸ்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ‘றொக் அண்ட் றோல்’ தட்டோ பதிவாளனுக்கு நல்ல விருந்து. சக் பெரியின் பழைய பாடலொன்றின் சாயல் பீற்றில்ஸ் பாடலில் உண்டென வழக்குத் தொடுத்த மொறிஸ் லெவி என்ற வெளியீட்டாளரோடு செய்த உடன்பாடு, ஒலிநாடாக்களைத் தம்மிடமே வைத்துக்கொண்ட தயாரிப்பாளர் பில் ஸ்பெக்ரர், முற்றுப்பெறாத பதிவுகளை ‘றூற்ஸ்’ என்ற பெயரில் தொலைக்காட்சி விளம்பரத்தின்மூலம் லெவி விற்கத் தொடங்க, கொம்பனியார் அவசரமாக வெளியிட்ட உரிய தட்டு, பின்னர் நீதிமன்றம். இளமையிற் கேட்ட பாடல்களை அன்போடு மீளப்பாடிய ஒரு கலைஞனின் குரலைச் சுற்றி இத்தனை வியாபாரிகள்!

மரணத்தின்பின் வந்தவற்றுக்கு முடிவேயில்லை. 1988 முதல் அமெரிக்க வானொலியில் இருநூறுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளாக ஒலிபரப்பான வீட்டு ஒலிநாடாக்கள், 1998 இன் நான்கு தட்டுத் தொகுதி, பழைய தட்டுகளின் பெருக்கப்பட்ட பதிப்புகள் என ஒரே பாடல் பத்து வடிவில் விலைக்கு வருகின்றது. இவற்றை வெளியிடும் உரிமை யோக்கோவின் குடும்பத்தாரிடமே உள்ளது. ஒரு காலத்தில் பெயர் மறுக்கப்பட்டவர் இப்போது உடைமையாளராகவும் விளங்குகின்றார் என்பதை மறைக்கவேண்டியதில்லை. 2023 நவம்பரில் வெளியான ‘நவ் அண்ட் தென்’ பாடலில், எழுபதுகளின் பிற்பகுதியிலே கசெற்றிற் பதிவான குரலைக் கணினி பியானோவிலிருந்து பிரித்தெடுக்க, எஞ்சிய பீற்றில்ஸ் இருவரும், 2001 இல் மறைந்த ஜோர்ஜ் ஹரிசனின் பழைய கிற்றாரும் அதனோடு சேர்ந்தன. வீட்டிலே தனித்திருந்து பாடியது, மீண்டும் குழுவின் பெயரில் வந்தது. இதனைத் ‘தனி’ என்ற தலைப்பின்கீழ் எழுதுவதா என இரசிகர்கள் பிணங்குகின்றனர். இரண்டு பதிவாக எழுதுவதே முறை: கசெற் ஒன்று, தட்டு மற்றொன்று.

‘டபிள் பான்ரசி’ தட்டில் பதினான்கு பாடல்கள். ஏழு அவருடையவை, ஏழு யோக்கோவுடையவை, பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்தவை. கணவன் பேச, மனைவி மறுமொழி கூறும் உரையாடலாக அதனை இருவரும் வகுத்தனர். யோக்கோவின் பாடல்களைத் தாண்டி லெனனின் ஏழினை மட்டும் வரிசையாகக் கேட்கும் வழக்கம் இரசிகரிடையே பரவலாக உண்டு. அவ்வாறு கேட்போர் ஒரு நாடகத்தில் ஒரு பாத்திரத்தின் வசனத்தை மட்டும் வாசிப்போராவர். உண்மையில், அத்தட்டிலே புதிய காலத்தின் ஒலியை அறிந்து பாடியவர் யோக்கோவே. லெனனின் பாடல்கள் இதமானவை, ஆயின் ஐம்பதுகளை நோக்கித் திரும்பியவை.

1980 டிசெம்பர் 8 ஆந் திகதி இரவு இருவரும் ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து வீடு திரும்பினர். அன்று அவர்கள் வேலை செய்தது ‘வோக்கிங் ஒன் தின் ஐஸ்’ என்னும் யோக்கோவின் பாடலில். லெனனின் கிற்றார் அதிற் கூரிய உலோகம்போல் ஒலிக்கின்றது. 1981 இல் யோக்கோவின் பெயரில் வெளியானமையால் பெரும்பாலான பட்டியல்களில் அதற்கு இடமில்லை. என் கொப்பியிலே அத்திகதிக்கு எதிரே அப்பாடலே உள்ளது: இயற்றிப் பாடியவர், யோக்கோ ஓனோ, கிற்றார், ஜோன் லெனன்.