கல் நகருமா, நகராதா?

மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அதே உயரம். கிருஷ்ணகிரி மாவட்டக் குவாரிகளில் வெட்டியெடுக்கும் கிரானைட் பிளாக் ஒன்று இந்த அளவில் இருந்தால் எடை சுமார் 18 டன். அதைச் சாமல்பட்டிச் சாலையில் ஏற்றிவரும் டிரெய்லர் சட்டென்று பிரேக் போட்டால் கல் முன்னால் சறுக்குமா? ப்ளஸ் ஒன் இயற்பியலே விடை சொல்லிவிடும். உராய்வுக் குணகம் 0.4 என்றால், வேகம் குறையும் வீதம் 3.9 மீ/வி²-ஐத் தாண்டும்போது கல் நகரும். எடை இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. 2 டன் கல்லுக்கும் இதே விடைதான்.

உராய்வு, அழுத்தும் விசைக்கு நேர்விகிதம் என்ற இந்த விதி 1699இல் அமோன்டன்ஸ் சொன்னது, 1785இல் கூலும் விரிவாக அளந்து வெளியிட்டது. இத்தனை சிக்கனமான விதி இயந்திரவியலில் அதிகம் இல்லை. காரணம் புரிய இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமதளமாகத் தெரியும் பரப்புகள் சில நுண்மேடுகளில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன, சுமை ஏற ஏற அந்தத் தொடுபரப்பும் ஏறுகிறது என்று பௌடனும் டேபரும் காட்டினார்கள்.

ஆனால் அந்த 0.4 யாருடையது? கல்லுடையது அல்ல. இரும்புத் தளம், அதன்மேல் படிந்த கல்தூள், மழை ஈரம் எல்லாம் சேர்ந்த எண் அது. வண்டி வேகத்தடையில் குதிக்கும் கணத்தில் கல் தளத்தை அழுத்தும் விசையே குறைந்துவிடும். சுமை கட்டுவதற்கான ஐரோப்பிய விதி முன்பக்கம் 0.8 மடங்கு புவியீர்ப்புக்குத் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. உராய்வை மட்டும் நம்பி அந்த அளவை எட்ட முடியாது. சங்கிலியும் முட்டுக்கட்டையும் வேண்டும்.

என் பெரிய புகார் கணினி மாதிரிகள் மீது. நிற்கும் பொருளின் உராய்வு எவ்வளவு என்று விதி சொல்வதில்லை, உச்ச வரம்பை மட்டுமே தருகிறது. இது கணினிக்குத் தொல்லை. அதனால் பலரும் மிகச் சிறு வேகங்களில் உராய்வு வேகத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதாக வைத்துக்கொள்கிறார்கள். 20க்கு 1 சரிவில் வண்டியை நிறுத்துங்கள், குணகம் 0.5, முழு உராய்வு வரும் வேகம் 1 மி.மீ./வி. என்று கொள்ளுங்கள். நகரவே கூடாத கல், கணினிக்குள் நொடிக்கு 0.1 மி.மீ. ஊர்கிறது. எட்டு மணி நேரத்தில் 2.9 மீட்டர்! திரையில் பத்து நொடி பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

தோராயத்தைக் கைவிட்டு மூல விதியையே வைத்துக்கொண்டாலும் முழு நிம்மதி இல்லை. விறைப்பான பொருள்களோடு இந்த விதியைச் சேர்த்தால் சில நிலைகளில் சமன்பாட்டுக்குத் தீர்வே இருக்காது என்று 1895இல் பென்லவே காட்டிவிட்டார்.

1995இல் வந்த லூக்ரே என்ற உராய்வு மாதிரி, நுண்மேடுகளை வளையும் தூரிகை மயிர்களாகப் பாவிக்கிறது. அதற்கு ஆறு எண்கள் தேவை. சாலைத் தூசியில் ஆறையும் அளப்பது யார்? போதாக்குறைக்கு, அதிரும் சிறு சுமையில் அதுவும் ஊர்ந்துவிடுகிறது. லாரிக் கேள்விக்கு நானாக இருந்தால் பழைய விதியையே 0.2, 0.6 என இரு முறை ஓட்டிப் பார்ப்பேன்.

ஓசூரில் செய்யும் இருசக்கர வாகனங்களின் டிஸ்க் பிரேக் கீச்சிடுவது வேறு கதை. மாறாத குணகத்தை வைத்தே எந்த அதிர்வெண்களில் கீச்சொலி எழலாம் என்று கணிக்க முடிகிறது. கணித்தவற்றில் பல ஒலிப்பதேயில்லை, ஒலிப்பது எவ்வளவு உரக்க என்பதும் அந்த நேரியல் கணக்கில் வராது. அதற்குச் சோதனை மேடையில் பிரேக்கை ஏற்றித்தான் கேட்க வேண்டும்.